நீர் விடும் திகதி

இங்கினியாகல, காலை ஆறே கால்.
செம்மஞ்சள் மிதவை அங்கியின் வாரை இழுத்துக் கட்டியபடி
வழிகாட்டி தம்மிக்க சொல்கிறான்:
"யானை நீந்தும். சத்தம் போட வேணாம்.
எழும்ப வேணாம். கைய வெளிய போட வேணாம்."
அவனிடம் இருக்கிற தமிழில் பாதி, வேணாம்.
சிரிக்கிறோம். படகு ஆடுகிறது. சிரிப்பை நிறுத்துகிறோம்.

கமநல சேவை நிலையத்தின் வருடாந்தச் சுற்றுலா.
இரண்டு படகு, பதினொரு பேர்.
சோற்றுப் பார்சல்கள் பின்படகில்.

நான் எழுதுவினைஞர்.
சிறுபோகத்துக்குச் சிறுபோகம்
நீர் விடும் திகதி, நீர் நிறுத்தும் திகதி என்று
இரண்டு வரி தட்டச்சு செய்து
முத்திரை குத்திச் சுவரில் ஒட்டுபவள்.
பத்தொன்பது போகம் ஒட்டிவிட்டேன்.
நீரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

இவ்வளவா?

ஆடி வெயிலுக்கு ஏரி இறங்கிக் கிடக்கிறது.
எப்போதோ மூழ்கிய காட்டின் மரங்கள்
இடுப்புவரை எழுந்து நிற்கின்றன,
செத்தும் உட்காராமல்.
உச்சிக் கொம்புகளில் நீர்க்காகங்கள்
சட்டை காயவைப்பதுபோல் சிறகு விரித்திருக்கின்றன.
அந்தத் தீவில் பறவை, இந்தத் தீவில் கரடி,
அங்கே தெரிகிற மலைக்குப் பேர்...
பேரை எஞ்சின் தின்றுவிடுகிறது.

பிறகு யானைகள்.
ஒரு தும்பிக்கை. இன்னொன்று. குட்டியினது சின்னதாய்.
மூச்சு மட்டும் மேலே,
மிச்ச உடம்பெல்லாம் நீரிடம் ஒப்படைத்து
தீவு விட்டுத் தீவு போகின்றன.
பத்துக் கைபேசிகள் உயர்கின்றன.
பதினொராவது ஆள் மறுபக்கம் பார்த்திருக்கிறார்.

கமக்காரர் அமைப்புத் தலைவர் இஸ்ஸதீன்.
நிந்தவூரில், கடைசி மதகுக்கும் கடைசியில் காணி.
"அந்தக் கல்லில வெள்ளைக் கோடு தெரியிதா மிஸ்?
மாரியில தண்ணி அது மட்டும் நிண்டிருக்கு."
கோட்டுக்கும் நீருக்கும் நடுவே
ஏழு ஆள் உயரம் வெறுங்கல்.
அவர் அதை ஏக்கரில் எண்ணுகிறார்; உதடு அசைகிறது.
ஒரு வருடம் நான் பதினைந்து என்று ஒட்டினேன்.
அவர் வாய்க்காலுக்கு நீர் வந்தது இருபத்தேழு.
அதை அவர் சொல்லவில்லை.
நானும் யானையைப் படமெடுத்தேன்.

"தம்பி, எங்கட பக்கம் வாற கதவு எது?"
தம்மிக்க படகோட்டியைப் பார்க்கிறான்,
படகோட்டி அணையைப் பார்க்கிறான்.
"சேர், அது டூர்ல இல்ல."

பகலில் மகர.
இரண்டு மலையும் தோளால் நெருக்க
பாறைகளுக்கு அடியில் நுழைந்து
ஆறு ஏரிக்குள் வருகிற இடம்.
வருகிறது என்று சொன்னால் வருகிறது.
ஒரு கைப்பிடி நூல்.
"கல் ஓயா" என்கிறான் தம்மிக்க.
"பட்டிப்பளை ஆறு" என்கிறார் இஸ்ஸதீன்.
இருவருக்கும் தலையாட்டாமல்
அது தன் பாட்டுக்குக் கல்லை நனைக்கிறது.

எஞ்சின் நின்ற நேரம் பார்த்து
அவர் கையை வெளியே போட்டார்.
மணிக்கட்டுவரை. முழங்கைவரை.
தம்மிக்க வேணாம் என்று வாயெடுத்து
சொல்லாமல் விட்டான்.
"இது எங்கட வரம்புக்கு வர நாலு நாள் ஆகும்" என்றார்,
யாரோ உறவுக்காரர் பஸ் ஏறியதுபோல.
"இப்ப கதிர் பால் பிடிக்கிற நேரம்."
நீர் நிறுத்தும் திகதி வருகிற வியாழன்.
தட்டச்சு செய்தவள் அருகில்தான் இருக்கிறேன்.

சோறு தின்றோம். கத்தரிக்காய், கருவாடு,
கொஞ்சம் ஆறிப்போயிருந்தது.
கரண்டி தேடியவர்கள் கையைக் கழுவ
ஏரி முழுவதும் இருந்தது.

மாலை, இறங்குதுறை.
பார்வையாளர் புத்தகத்தை நீட்டுகிறான் தம்மிக்க.
அழகு, மிக அழகு, யானைக்குட்டி சூப்பர்,
மீண்டும் வருவோம், கழிப்பறை திருத்தவும்.
இஸ்ஸதீன் மூக்குக்கண்ணாடி மாட்டி
வெகுநேரம் எழுதுகிறார்:
தயவுசெய்து இன்னும் நாலு நாள்
திறந்து வைக்கவும்.
கீழே பெயர், காணி இலக்கம், கையொப்பம்.

தமிழ் வாசிக்கத் தெரியாத தம்மிக்க
"ரொம்ப நன்றி சேர்" என்று
புத்தகத்தை மூடுகிறான்.
என் பைக்குள் கை போய்விட்டது.
கைக்குட்டை, சில்லறை, பனடோல்.
முத்திரை அலுவலக லாச்சியில் இருக்கிறது.